சி.இ.ஓ. வந்து எட்டு மாதம் ஆகிறது, இன்னும் எல்லோரும் என் வீட்டுக்குத்தான் வருகிறார்கள்

கேள்வி: கோவையில் பம்ப் தயாரிக்கும் பிரைவேட் லிமிடெட் நிறுவனம் என்னுடையது. 1993இல் கணபதியில் வாடகை ஷெட்டில் இரண்டு லேத்தோடு ஆரம்பித்தேன். இப்போது 140 பேர் வேலை செய்கிறார்கள், ஆண்டுக்கு 40 கோடி ரூபாய் விற்பனை. எனக்கு வயது 66. மகள் வெளிநாட்டில் டாக்டர். மகனுக்கு இந்தத் தொழிலில் நாட்டமில்லை. எட்டு மாதம் முன்பு, பெரிய கம்பெனியில் இருபது வருடம் இருந்த ஒருவரை சி.இ.ஓ.வாகக் கொண்டுவந்தேன். நல்ல மனிதர், திறமைசாலி. ஆனால் வந்ததும் டீலர்களுக்குத் தரும் 120 நாள் கடனை 60 நாளாக்கிவிட்டார். நமக்கு ஜாப் ஆர்டர் செய்து தரும் பட்டறைக்காரர்களுக்கு 90 நாள் கழித்துத்தான் பணம் என்கிறார். போன மாதம் ஈரோட்டுப் பக்கம் இருக்கும் பழைய டீலர் ஒருவர் வீட்டுக்குப் போன் செய்து, ‘அண்ணா, நீங்க ஒரு வார்த்தை சொல்லிருங்க’ என்று கெஞ்சினார். மனசு கேட்கவில்லை. லோடு அனுப்பச் சொல்லி டிஸ்பாட்சுக்கு நானே போன் போட்டுவிட்டேன். சி.இ.ஓ. இரண்டு நாள் பேசவே இல்லை. மூன்றாம் நாள் வந்து, ‘சார், நான் இருக்கணுமா வேண்டாமான்னு நீங்களே சொல்லிடுங்க’ என்றார். நான் செய்தது தப்பா? பேக்டரிக்கே போகாமல் இருந்துவிடட்டுமா? 33 வருடம் காலை எட்டரைக்கு கேட்டைத் தாண்டிப் பழகியவன், வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வேன்?

பதில்:

ஐயா, வணக்கம்.

நேராகக் கேட்டிருக்கிறீர்கள், நானும் நேராகவே சொல்லிவிடுகிறேன். நீங்கள் செய்தது தப்புதான். பழைய டீலருக்காக மனம் இளகியதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். சி.இ.ஓ.வைத் தாண்டி டிஸ்பாட்சுக்குப் போன் போட்டதைத்தான் சொல்கிறேன். அந்தப் போனை எடுத்த பையன் மறுபேச்சில்லாமல் லோடை ஏற்றியிருப்பான். சாயங்காலத்துக்குள் ஸ்டோர்ஸ், வைண்டிங், அசெம்பிளி எல்லா இடத்துக்கும் சேதி போயிருக்கும்: புது சார் முடியாது என்றால் முதலாளி வீட்டுக்குப் போனால் போதும். அடுத்த வாரமே லீவு கிடைக்காதவர், இன்சென்டிவ் குறைந்தவர், ரேட் ஒத்துவராத காஸ்டிங் சப்ளையர் என்று ஒவ்வொருவராக உங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்திருப்பார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. எந்தக் கதவு திறக்கிறதோ அதைத்தான் யாரும் தட்டுவார்கள்.

28 வருடமாக இந்த ஊரில் ஆடிட்டராக இருக்கிறேன். பவுண்டரி, மில், பம்ப், கிரைண்டர் என்று எத்தனையோ குடும்பத் தொழில்கள் கை மாறுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். கை மாறும்போது கெட்டுப்போனவற்றில் பாதிக்கு மேல், வந்தவருக்குத் திறமை போதாமல் கெட்டவை அல்ல. கொடுத்தவர் எதைக் கொடுத்தார், எதை வைத்துக்கொண்டார் என்று இரண்டு பேருக்குமே தெரியாமல் இருந்ததில் கெட்டவை. உங்கள் கடிதத்திலும் எனக்கு அதுதான் தெரிகிறது. சி.இ.ஓ. என்ற பெயரைக் கொடுத்தீர்கள், சம்பளம் கொடுத்தீர்கள், கேபின் கொடுத்தீர்கள். ‘முடியாது’ என்று சொல்லும் உரிமையை மட்டும் உங்கள் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறீர்கள்.

முதலில் அந்த இரண்டு முடிவுகளைப் பார்ப்போம். ஒன்றில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது, மற்றதில் உங்கள் பக்கம்.

டீலர் கடனை எடுத்துக்கொள்ளுங்கள். 40 கோடி விற்பனைக்கு 120 நாள் கடன் என்றால், எந்த நாளில் பார்த்தாலும் சுமார் 13 கோடி ரூபாய் வெளியே நிற்கும். 60 நாள் என்றால் ஆறரைக் கோடி. மீதி ஆறரைக் கோடியை சி.சி. லிமிட்டில், அதாவது வங்கி தரும் நடைமுறை மூலதனக் கடனில், எடுத்துத்தானே ஓட்டுகிறீர்கள்? பத்து சதவீத வட்டி என்று வைத்தாலும் வருடத்துக்கு 65 லட்சம். எல்லா டீலரும் முழு 120 நாளும் எடுப்பதில்லை, கணக்கு கொஞ்சம் இறங்கும் என்று வைத்துக்கொண்டாலும் இது சின்னத் தொகை இல்லை. வெளியிலிருந்து வந்த எந்த சி.இ.ஓ.வும் முதல் மாதத்திலேயே கை வைக்கும் இடம் இதுதான். வைக்காவிட்டால் அவர் வேலையைப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

ஆனால் உங்களுக்குத் தெரிந்த ஒன்று அவருக்குத் தெரியாது. ஈரோட்டு டீலர் 120 நாள் கேட்பது, அவரிடம் மோட்டார் எடுக்கும் விவசாயி மஞ்சளோ கரும்போ விற்றுத்தான் பணம் கட்டுவார் என்பதால். யார் இழுத்தடித்தாலும் கடைசியில் கொடுத்துவிடுவார், யார் நல்ல பேச்சுப் பேசிக்கொண்டே செக்கைத் திரும்ப விடுவார் என்ற கணக்கு உங்கள் தலைக்குள் இருக்கிறது. அதைப் பேப்பரில் இறக்கி அவர் கையில் கொடுத்தீர்களா? கொடுத்திருந்தால், சீசனுக்கு முன்னாலேயே ஸ்டாக் எடுப்பவருக்கு ஒரு கணக்கு, கோடை சீசனில் எடுப்பவருக்கு ஒரு கணக்கு என்று அவரே பிரித்திருக்கலாம். பிரிக்காமலும் விட்டிருக்கலாம், அது அவர் முடிவு. தகவல் இல்லாமல் எடுத்த முடிவைத் திருத்த நீங்கள் கொடுக்க வேண்டியது தகவல். அதற்குப் பதிலாக லோடை அனுப்பிவிட்டீர்கள்.

ஜாப் ஆர்டர்காரர்கள் விஷயம் வேறு. இதில் அவர் சறுக்கியிருக்கிறார். நமக்கு மெஷினிங் செய்து தருபவர்களில் பெரும்பாலோர் அரசின் ‘உத்யம்’ தளத்தில் பதிவு செய்த குறு, சிறு நிறுவனங்களாக இருப்பார்கள். அவர்களுக்கான 2006ஆம் ஆண்டு சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் அவர்களுக்குப் பணம் போயாக வேண்டும். தாண்டினால் கூட்டு வட்டி. அதோடு, நாள் கடந்து கொடுத்த தொகையை எந்த வருடம் கொடுக்கிறோமோ அந்த வருடத்தில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். மார்ச் 31இல் பாக்கி நின்றால் வரி ஏறும். பெரிய கம்பெனிப் பழக்கத்தில் 90 நாள் என்று சொல்லியிருப்பார். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஒரு லேத்தும் ஒரு டிரில்லிங் மெஷினும் வைத்துக்கொண்டு சனிக்கிழமை கூலி கொடுப்பவரிடம் மூன்று மாதக் கடன் கேட்பதை என் மனம் ஏற்கவில்லை. நீங்களும் ஒரு காலத்தில் அந்த இடத்தில் இருந்தவர்தானே.

ஆகவே இதை விடாதீர்கள். ஆனால் வீட்டில் உட்கார்ந்து அக்கவுண்ட்ஸ் ஆளைக் கூப்பிட்டு ‘அவங்களுக்குப் பணத்தைப் போட்டு விடு’ என்று சொல்லிவிடவும் வேண்டாம். போர்டு மீட்டிங்கில் இதை வையுங்கள். ஆடிட்டர் குறிப்போடு வையுங்கள். அவர் பதில் சொல்லட்டும், தீர்மானம் மினிட்ஸில் ஏறட்டும். ஒரே கருத்துதான், மீட்டிங்கில் சொன்னால் அவர் பலப்படுவார், போனில் சொன்னால் அவர் உடைவார்.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இத்தனை வருடம் நீங்கள் மூன்று வேலையை ஒரே ஆளாகச் செய்தீர்கள்: பங்குகளுக்குச் சொந்தக்காரர், இயக்குநர், அன்றாடம் நடத்தும் நிர்வாகி. மூன்றும் ஒரே நாற்காலியில் இருந்ததால் எது எங்கே முடிகிறது என்று பார்க்கத் தேவை வரவில்லை. இப்போது கொடுத்திருப்பது மூன்றாவதை மட்டும். முதல் இரண்டும் உங்களிடமே இருக்கின்றன, இருக்கவும் வேண்டும்.

ஏன் இருக்க வேண்டும் என்பதையும் சொல்கிறேன், ‘எல்லாத்தையும் விட்டுட்டு நிம்மதியா இருங்க’ என்று பலர் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அது அரைகுறை ஆலோசனை. சி.சி. லிமிட்டுக்கு நீங்களும், அநேகமாக உங்கள் மனைவியும், பர்சனல் கேரண்டி கொடுத்திருப்பீர்கள். வீட்டுப் பத்திரம்கூட வங்கியில் இருக்கலாம். சி.இ.ஓ. மாறினார் என்பதால் அந்தக் கையெழுத்து ரத்தாகாது. ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவுப்படி, வேறு விதமாக எழுதிக்கொள்ளாத வரை, கம்பெனியின் பொறுப்பு எவ்வளவோ ஜாமீன்தாரரின் பொறுப்பும் அவ்வளவு. அடுத்தது பேக்டரி லைசென்ஸ். கம்பெனி நடத்தும் தொழிற்சாலைக்கு ‘ஆக்குபையர்’ என்ற பொறுப்பில் இருப்பவர் இயக்குநர்களில் ஒருவராகத்தான் இருக்க முடியும். 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தில் இருந்த இந்த விதியை பணியிடப் பாதுகாப்புக்கான 2020ஆம் ஆண்டு தொகுப்புச் சட்டமும் மாற்றவில்லை. உங்கள் சி.இ.ஓ. இயக்குநர் இல்லை என்றால், பிரஸ் ஷாப்பில் ஒருவர் விரலை இழந்தால் சட்டம் தேடி வருவது உங்களை. எட்டு மாதமாகத் தூக்கம் சரியில்லை என்றால் அதற்கு வெறும் பாசம் மட்டும் காரணமில்லை ஐயா. உங்கள் பயத்தில் நியாயமான பங்கும் இருக்கிறது. அதற்குரிய மருந்து முறையான தகவலும் முறையான எல்லையும்.

இதை எழுத்தில் போடுங்கள். இரண்டு பக்கம் போதும், வக்கீல் தமிழ் வேண்டாம். நீங்களும் அவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, எந்த முடிவை அவர் உங்களைக் கேட்காமலே எடுக்கலாம், எதை எடுத்துவிட்டுச் சொன்னால் போதும், எதற்கு முன்கூட்டியே போர்டு சம்மதம் வேண்டும் என்று எழுதுங்கள். விலை, டீலர் கடன், ஆள் எடுப்பது, நிறுத்துவது, உற்பத்தித் திட்டம் எல்லாம் அவருடையது. புதுக் கடன், சொத்து வாங்குவது விற்பது, ஒரு தொகைக்கு மேல் மெஷின் வாங்குவது, கம்பெனி பெயரில் யாருக்காவது ஜாமீன் கொடுப்பது, இவை போர்டுக்கு வரட்டும். தொகையை நீங்கள் தீர்மானியுங்கள், ஆனால் சின்னதாக வைக்காதீர்கள். 50 ஆயிரம் ரூபாய்க்கெல்லாம் உங்கள் கையெழுத்து வேண்டுமென்றால் அவரை சி.இ.ஓ. என்று கூப்பிடுவதில் பொருளில்லை. எழுதியதைப் போர்டு தீர்மானமாக்கி, வங்கியில் கையெழுத்து அதிகாரத்தையும் அதற்கேற்ப மாற்றுங்கள். நான் பார்த்த ஒரு கம்பெனியில் சி.இ.ஓ. சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியும் செக் புத்தகம் பழைய முதலாளியின் பீரோவில் இருந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அக்கவுண்டன்ட் வீட்டுக்குப் போய் வருவார். அந்த சி.இ.ஓ. போன பிறகு வந்தவரும் பத்து மாதம்தான் இருந்தார்.

அதோடு, மாதம் 10ஆம் தேதிக்குள் ஒரே ஒரு தாள் உங்கள் கைக்கு வர வேண்டும். விற்பனை, வர வேண்டிய பாக்கியில் 60, 90, 120 நாள் தாண்டியவை, சி.சி.யில் எடுத்திருக்கும் தொகை, செம்புக் கம்பி ஸ்டாக், வாரண்டியில் திரும்பி வந்த பம்புகள். இந்தத் தாளைப் படித்தாலே பேக்டரி எப்படி ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். 33 வருட அனுபவத்துக்கு அது கூடவா முடியாது?

பெரிய பெரிய நிறுவனங்களும் இதில் தடுமாறியிருக்கின்றன. நைக்கி நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில் நைட், 2004 கடைசியில் வெளியிலிருந்து வில்லியம் பெரஸைத் தலைமை நிர்வாகியாகக் கொண்டுவந்தார். 2006 ஜனவரியில் பெரஸ் போய்விட்டார், 1979 முதல் அங்கேயே வேலை பார்த்த மார்க் பார்க்கர் அந்த இடத்துக்கு வந்தார். இன்போசிஸ் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2014இல் விஷால் சிக்கா வந்தார், நிறுவனர்களில் ஒருவராக இல்லாத முதல் சி.இ.ஓ. அவர். நிர்வாக முறை பற்றி நிறுவனர்கள் எழுப்பிய கேள்விகள் பத்திரிகைகளில் அடிபட்டன. 2017 ஆகஸ்ட் 18 அன்று அவர் ராஜினாமா செய்தார், அன்று ஒரே நாளில் பங்கு விலை 9 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. யார் பக்கம் சரி என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. அறைக்குள் நடந்திருக்க வேண்டிய பேச்சு தெருவுக்கு வந்தால் எல்லோருக்கும் நஷ்டம் என்பதற்காகச் சொல்கிறேன். உங்கள் தெரு சின்னது, அதில் டீலரும் டிஸ்பாட்சும் இருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

நிதானமாக நடந்த உதாரணமும் இருக்கிறது. 2010இல் சென்னையில் தொடங்கிய மென்பொருள் நிறுவனமான பிரெஷ்வொர்க்ஸில், டென்னிஸ் உட்சைடு 2022 செப்டம்பரில் முதலில் பிரசிடென்ட்டாகச் சேர்ந்தார். கிட்டத்தட்ட இருபது மாதம் கழித்து, 2024 மே மாதம்தான் நிறுவனர் கிரீஷ் மாத்ருபூதம் சி.இ.ஓ. பொறுப்பை அவரிடம் கொடுத்தார். அத்தனை காலம் பக்கத்தில் இருந்து பார்த்த பிறகு வந்த மாற்றம். நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டி நேராக நாற்காலியைக் கொடுத்துவிட்டீர்கள். பரவாயில்லை, விட்டுப்போன பாடத்தை இப்போது நடத்தலாம். டீலர் பட்டியலை வைத்துக்கொண்டு பதினைந்து நாள் அவரோடு காரில் போங்கள். ஈரோடு, சேலம், திருச்சி, மதுரை. கடைக்குள் நுழைந்ததும், ‘இனிமேல் எல்லாம் இவர்தான்’ என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். சொல்லிவிட்டு டீயைக் குடித்துக்கொண்டு சும்மா இருங்கள். பேச்சு உங்கள் பக்கம் திரும்பும், திரும்பும்போதெல்லாம் அவர் பக்கம் தள்ளிவிடுங்கள். இதைவிடக் கஷ்டமான வேலை உங்கள் வாழ்க்கையில் வந்திருக்காது என்று எனக்குத் தெரியும்.

பேக்டரிக்குப் போவதா, வேண்டாமா? சுற்றுப்பயணம் முடிந்த பிறகு மூன்று மாதம் போகாதீர்கள். மூன்றே மாதம். உங்கள் கார் கேட்டுக்குள் நிற்கும் வரை யாரும் அவர் கேபினைத் தேட மாட்டார்கள். பிறகு வாரம் இரண்டு நாள், நேரம் குறித்து வாருங்கள். பழைய கேபினுக்குள் நுழைய வேண்டாம். டெஸ்டிங் பெஞ்சு பக்கம் ஒரு மேசை போட்டுக்கொள்ளுங்கள்.

ஏன் டெஸ்டிங் பெஞ்சு என்கிறேன்? உங்கள் கடைசிக் கேள்விக்கு அதுதான் என் பதில். மென்பொருள் நிறுவனமான ஜோஹோவில் ஸ்ரீதர் வேம்பு 2025 ஜனவரியில் சி.இ.ஓ. பொறுப்பை சக நிறுவனர் சைலேஷ் குமார் டேவியிடம் கொடுத்துவிட்டு, தலைமை விஞ்ஞானி என்ற பொறுப்புக்கு மாறினார். விட்டுப்போகும்போது போய்ச் சேர ஒரு இடம் அவருக்கு இருந்தது. உங்களுக்கும் வேண்டும். இரண்டு லேத்தில் ஆரம்பித்தவர் நீங்கள். கடைசியாக எப்போது ஒரு இம்பெல்லரை, பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் அந்தச் சக்கரத்தை, கையில் எடுத்துப் பார்த்தீர்கள்? பத்துப் பதினைந்து வருடமாக பேங்க், ஜி.எஸ்.டி., டீலர் மீட்டிங் என்றே போயிருக்கும். சோலார் பம்பில் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. வோல்டேஜ் ஏறி இறங்கும் கிராமத்தில் வைண்டிங் கருகாமல் இருக்க என்ன செய்யலாம் என்று யோசிக்க இப்போது உங்களுக்குத்தான் நேரம் இருக்கிறது. ஐ.டி.ஐ. முடித்து வரும் நான்கு பையன்களுக்குச் சத்தத்தை வைத்தே பேரிங் பழுதைக் கண்டுபிடிக்கச் சொல்லித்தரலாம். அதற்கு சி.இ.ஓ. பதவி தேவையில்லை. ஆனால் அங்கேயும் வரும் பையன், ‘முதலாளி, லீவு தரமாட்டேங்கிறாங்க’ என்றால், ‘அவர்கிட்ட கேளுப்பா’ என்று சொல்லியே ஆக வேண்டும்.

நான்கு வருடம் முன்பு என் ஆபீஸை ஜூனியர் பார்ட்னரிடம் ஒப்படைத்தேன். முதல் ஆறு மாதம் சாயங்காலமானால் என்ன செய்வதென்று தெரியாது. ஒரு பழைய கிளையன்ட் என்னைக் கேட்காமல் நேராக அவரிடம் போனார் என்று கேள்விப்பட்ட அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. இதை மனைவியிடம் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. நீங்கள் இன்றே சொல்லிவிடுங்கள். அந்த வலி கௌரவக் குறைச்சல் இல்லை, 33 வருடம் உண்மையாக உழைத்தவனுக்குத்தான் அது வரும்.

இன்னொன்று. இந்த சி.இ.ஓ. கடைசியில் பொருந்தாமலும் போகலாம். எட்டு மாதத்தில் டீலர், ஜாப் ஆர்டர் என்று இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கை வைத்தது அவசரம் என்றே நினைக்கிறேன், அதை அவரிடம் தனியாகச் சொல்லுங்கள். ஆனால் அவரை எதை வைத்து அளப்பீர்கள் என்று இப்போதே இரண்டு பேரும் பேசி முடிவு செய்யுங்கள். வரும் இரண்டு சீசன் முடியும்போது பாக்கி நாள் எத்தனை, டீலர் எத்தனை பேர் நின்றார்கள், வாரண்டி ரிட்டர்ன் எவ்வளவு, லாபம் எவ்வளவு. அந்த எண்கள் வரும் வரை மாதாமாதம் மனதுக்குள் மார்க் போட வேண்டாம். எண்கள் சரியில்லை என்றால் போர்டில் பேசி மரியாதையாக அனுப்பலாம், அந்த உரிமை உங்களிடம்தான் இருக்கிறது.

‘நான் இருக்கணுமா’ என்று கேட்டாரே, அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். கடிதத்தில் அதைக் காணோம். திங்கட்கிழமை காலை அவர் கேபினுக்குப் போங்கள், உங்கள் கேபினுக்குக் கூப்பிடாதீர்கள். அந்த லோடு விஷயத்தில் நான் செய்தது தப்பு என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து, ஸ்பீக்கரில் போட்டு ஈரோட்டு டீலரைக் கூப்பிடுங்கள். ‘தம்பி, அன்னைக்கு நான் அனுப்பச் சொன்னது கடைசித் தடவை. இனி கணக்கு எதுவானாலும் சார்கிட்டயே பேசிக்கோங்க, பக்கத்துலதான் இருக்காரு, இப்பவே பேசுங்க’ என்று போனை அவர் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து வாருங்கள்.